கட்டில் நகராது ஸார்!

மணலியில் ஒருத்தருக்கு நெஞ்சு வலி என்றால், 'எந்த டாக்டர்?' என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 'எந்த ரோடு?' கன்டெய்னர் லாரி வரிசை எதுவரை நிற்கிறது என்று டீக்கடையில் விசாரித்துவிட்டுத்தான் ஆட்டோவே கிளம்பும்!

பெரிய வைத்தியத்துக்கு நமக்கு ஸ்டான்லிதான். சுமார் 10 கிலோமீட்டர். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர்விட்ட ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பது அதனால்தான். வடசென்னை போதாதென்று திருவள்ளூர் பக்கமிருந்தும் ஜனம் வந்து குவிகிறது. அவர்களும் எங்கேதான் போவார்கள், பாவம்.

ஆயிரம் பேருக்கு 2 படுக்கை வேண்டும் என்கிறது 2017 தேசிய சுகாதாரக் கொள்கை. (ஜப்பானில் 12-க்கும் மேல். ஹும்!) எல்லோரும் இந்த இரண்டைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறோம். அதே வரியில் இன்னொன்றும் இருக்கிறது: உயிர் ஊசலாடும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற மாதிரி அந்தப் படுக்கைகள் பரவலாக இருக்க வேண்டுமாம்!

2011 கணக்கெடுப்பில் மணலி ஜனத்தொகை சுமார் 35,000. கொள்கைப்படி 70 படுக்கை. சென்னை முழுக்க உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளையும் சேர்த்துக் கூட்டினால், காகிதத்தில் நமக்கும் கட்டில் கிடைத்துவிடும். காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன்... பாலன்ஸ் ஷீட் டேலியாவது வேறு, கையில் காசு இருப்பது வேறு.

ஊரோ சாதாரண ஊர் இல்லை. ரிஃபைனரி, உரம், ரசாயனம் என்று சுற்றிலும் புகைபோக்கிகள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மதிப்பெண்ணில் மணலி வாங்கியது 76.32. பரீட்சை என்றால் டிஸ்டிங்ஷன்! 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பக்கத்து எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சுத் திணறிக்கொண்டே ஓடினார்கள். ஐம்பது பேர் வரை திருவொற்றியூர் தனியார் ஆஸ்பத்திரியிலும் ஸ்டான்லியிலும் சேர்க்கப்பட்டார்கள். தொழிற்சாலையை நம் வாசலில் வைக்கிறவர்கள், ஆக்ஸிஜனோடு நாலு கட்டிலையும் வாசலிலேயே வைக்கக் கூடாதா?

வியாதியும் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் காலராவும் அம்மையும். இப்போது சுகர், பி.பி. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் பாதிப் பேருக்குக் கட்டிலே வேண்டாம். 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. உருப்படியான யோசனை, மறுக்கவே மாட்டேன். ஆனால் ராத்திரி ஷிஃப்ட் முடித்து நம்மாள் தூங்குகிற நேரத்தில் கதவைத் தட்டினால்? அந்த லாரி வரிசையில் ராப்பகலாக உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கோ, தட்டுவதற்குக் கதவே கிடையாது.