கன்று ஈன்ற மாடு எழவில்லையா? கால்சியத்தைக் கவனியுங்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பகுதிகளில் இன்றும் கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. இரவு நல்லபடியாகக் கன்று ஈன்ற மாடு சில நேரம் மறுநாளே எழ முடியாமல் படுத்துவிடும். கழுத்து விலாப் பக்கம் மடங்கியிருக்கும்; காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும். இதற்குப் பெயர் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடல் சூடோ குறைந்திருக்கும். பெயரைக் கேட்டுக் காய்ச்சல் ஊசி போடுவதும், இனி தேறாது என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதும் பிழைக்கக்கூடிய ஓர் உயிரை வீணாக்குவதாகும்.

காரணம் என்ன?

ஒரு மாட்டின் இரத்தத்தில் ஓடும் கால்சியம் சுமார் 3 கிராம்தான். சீம்பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் இருக்கிறது. பத்து லிட்டர் சுரந்தால் 20 கிராம் வெளியேறிவிடும். எலும்பிலிருந்தும் தீவனத்திலிருந்தும் அதை ஈடுகட்ட உடலுக்கு ஓரிரு நாள் பிடிக்கும். மூன்றாவது ஈற்றுக்கு மேற்பட்ட, பால் அதிகம் கறக்கும் மாடுகளில், குறிப்பாக ஜெர்சி இனத்தில், இந்த ஆபத்து கூடுதல்.

கால்சியத்துக்கும் தசைக்கும் என்ன தொடர்பு? 1883-ல் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், கால்சியம் கலக்காத உப்புநீரில் தவளையின் இதயம் துடிக்காமல் நின்றுவிடுவதைக் கண்டறிந்தார். ஆனால் கால் தசை அப்படியல்ல. அதன் நார்களுக்குள்ளேயே கால்சியத்தைச் சேமித்து வைக்கும் நுண்ணிய பைகள் உள்ளன. நரம்பின் கட்டளை வந்ததும் அவை கால்சியத்தை வெளிவிட, தசை சுருங்குகிறது. கால்சியம் பைக்குத் திரும்பியதும் தசை தளர்கிறது.

தசைக்குள் இருப்பு இருந்தும் மாடு ஏன் விழுகிறது? அந்தக் கட்டளையைத் தசைக்குக் கடத்தும் நரம்பு நுனிக்கு வெளியிலிருந்து கால்சியம் வர வேண்டும். அது குறைந்தால் கட்டளை தசையை எட்டாது. இதே குறைபாடு, குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நாய்க்கு வந்தால் நேர்மாறாக உடல் விறைத்து வெட்டி இழுக்கும். அங்கே நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன.

மருந்தில் கவனம்

கால்நடை மருத்துவர் கால்சியம் போரோகுளுக்கோனேட் மருந்தை இரத்தக் குழாய் (சிரை) வழியாக மெதுவாக ஏற்றுவார். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். ஆகவே மருந்துக் கடையில் வாங்கி நாமே ஏற்றக் கூடாது. ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் நரம்பு நுனிக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கக் கூடியவை. ஏற்கெனவே தளர்ந்த மாட்டை மேலும் தளர்த்திவிடலாம்.

மருத்துவர் வரும்வரை மாட்டைப் பக்கவாட்டில் சாய விடாமல், நெஞ்சு தரையில் படும்படி வைத்து, இருபுறமும் வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருப்பதால் அது நுரையீரலுக்குள் போய்விடும். தாமதம் வேண்டாம். நெடுநேரம் படுத்தே கிடந்தால் சொந்த எடையே கால் தசைகளையும் நரம்புகளையும் நசுக்கிவிடும்.

கால்நடை ஆம்புலன்ஸை அழைக்க 1962. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. உரிய நேரத்தில் மருந்து ஏறினால் பல மாடுகள் ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடுகின்றன. சிலவற்றுக்கு மறுநாளே திரும்பவும் வரலாம் என்பதால், எழுந்த பிறகும் இரண்டு நாள் கண்காணியுங்கள். மடியை ஒட்டக் கறக்காதீர்கள்.