கணனி இட்ட புள்ளி

வேலைக்குச் செல்லும் ஒரு தாய். காலையில் பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுச் செல்கிறாள். அந்தச் செலவில் பெரும் பங்கை அரசாங்கம் கொடுப்பனவாகத் தருகிறது. ஒருநாள் தபாலில் ஒரு கடிதம். இதுவரை பெற்ற பணம் முழுவதையும் திருப்பிச் செலுத்த வேண்டுமாம்! தொகையோ பல்லாயிரம் யூரோ. ஏன் என்று கேட்டால் எவரிடமும் பதில் இல்லை.

அன்புச் சகோதரிகளே, நெதர்லாந்து நாட்டில் ஏறத்தாழ 2005 முதல் 2019 வரை பல்லாயிரம் குடும்பங்களுக்கு நேர்ந்த கதி இதுதான். அவர்களில் துருக்கி, மொரோக்கோ ஆகிய நாடுகளை வேராகக் கொண்ட குடும்பங்களும் பல.

அந்நாட்டு வரித் திணைக்களம் 2013 முதல் ஒரு கணனி முறையைப் பயன்படுத்தியது. பழைய விண்ணப்பங்களில் சரியானவை எவை, பிழையானவை எவை என்று பார்த்து அது தானாகவே பாடம் கற்றது. பின்னர் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சந்தேகப் புள்ளி இட்டது. விண்ணப்பதாரி டச்சுப் பிரஜையா, இல்லையா என்பதும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கும் சந்தேகம் கூடியது. புள்ளி கூடிய விண்ணப்பம் உத்தியோகத்தரின் மேசைக்குப் போகும். அது ஏன் வந்தது என்பது அவருக்கே தெரியாது!

பழியைக் கணனியின் மீது மட்டும் போட்டுவிட முடியாது. சட்டமும் இரக்கமின்றி நடைமுறைப்படுத்தப்பட்டது. படிவத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டாலும், பெற்றோர் கட்ட வேண்டிய பங்கில் சிறு தொகை குறைந்தாலும், முழுக் கொடுப்பனவும் திருப்பிக் கேட்கப்பட்டது. கவனக்குறைவு மோசடியாகக் கருதப்பட்டது. எத்தனையோ பேர் கடனாளிகள் ஆனார்கள், வீட்டை இழந்தார்கள், குடும்பங்கள் பிரிந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 2015க்கும் 2020க்கும் இடையில் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். ஒவ்வொரு பிரிவுக்கும் இந்தக் கடன்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் அந்த உம்மாமாரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

உண்மை வெளிவர ஆண்டுகள் பல சென்றன. ஏவா கொன்சாலஸ் பெரெஸ் என்ற பெண் சட்டத்தரணி பெற்றோருக்காக விடாமல் வழக்காடினார். பீட்டர் ஓம்சிக்ட், ரென்ஸ்கே லைட்டன் என்ற இரு பாராளுமன்ற உறுப்பினர்கள் வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்தவர்கள். இருவரும் சேர்ந்து கேள்வி மேல் கேள்வி எழுப்பினர். 2020 டிசம்பரில் வெளிவந்த பாராளுமன்ற விசாரணை அறிக்கை, இது முன்னொருபோதும் இல்லாத அநீதி என்று கூறியது. 2021 ஜனவரி 15இல் பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை முழுவதும் இராஜினாமாச் செய்தது. பாதிக்கப்பட்ட பெற்றோருக்குத் தலா 30,000 யூரோ நட்ட ஈடு அறிவிக்கப்பட்டது. ஆனால், கழிந்துபோன பிள்ளைப் பருவத்தை எந்த நட்ட ஈடு திருப்பித் தரும்?

இதே நாட்டில் இன்னொரு முறையும் இருந்தது. 'சிரி' என்பது அதன் பெயர். பல திணைக்களங்களின் தகவல்களை ஒன்றாக இணைத்து, மோசடி செய்யக்கூடியவர்கள் யார் என்று அது கணித்தது. வறிய மக்கள் வாழும் பகுதிகளிலேயே அது பயன்படுத்தப்பட்டது. கணிக்கும் விதம் வெளியே எவருக்கும் சொல்லப்படவில்லை. மக்களின் தனிப்பட்ட வாழ்வுக்குள் இவ்வாறு நுழைவது மனித உரிமை மீறல் என்று 2020 பெப்ரவரியில் ஹேக் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசாங்கங்கள் கணனியின் துணையை நாடுவதில் தவறில்லை. உரியவருக்கு உதவி விரைவில் சேர அது கைகொடுக்கும். ஆனால் ஒருவரைச் சந்தேகிக்கும்போது, அதற்கான காரணத்தைச் சொல்லவும், அவர் சொல்வதைக் கேட்கவும், பிழை என்றால் திருத்தவும் ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும். காரணம் சொல்லாத தீர்ப்பு நீதியாகுமா?

நாமும் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்வோம். எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் ஒரு பிரதியை வீட்டில் வைத்திருப்போம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்போம். நெதர்லாந்துத் தாய்மார் கேட்டதும் அந்த ஒரு கேள்வியைத்தான்: "ஏன்?" அதற்குப் பதில் சொல்ல முடியாமற்போனதால்தான் ஓர் அரசாங்கமே பதவி விலக நேர்ந்தது.