எவரெஸ்ற் ஏற ஏன் இரண்டு மாதம்?

இணுவில் செம்மண் தோட்டமொன்றில் நின்று மூச்சை இழுங்கள். வளியமுக்கம் முழுதாக உங்களுக்குத் துணை நிற்கிறது. 8,848 மீற்றர் உயர எவரெஸ்ற் உச்சியில் அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் இருக்கும். காற்றில் ஒட்சிசன் அங்கும் 21 வீதந்தான். ஆனால் அமுக்கம் குறைந்ததால், நுரையீரலிலிருந்து அதைக் குருதிக்குள் தள்ள விசை போதாது.

நம் ஊரிலிருந்து ஒருவரை நேரே அங்கே கொண்டுபோய் விட்டால் சில நிமிடங்களில் மயங்கிவிடுவார். ஆகவே பயணத் திட்டத்தின் பெரும்பகுதி ஏறுவதற்கல்ல, உடலைப் பழக்குவதற்கு. அடிவார முகாமே 5,364 மீற்றரில். அங்கிருந்து ஷெர்பா வழிகாட்டிகளுடன் மேலே ஏறி, மறுபடி இறங்கி வந்து உறங்குவார்கள். சிறுநீரகம் சுரக்கும் ஓமோன் செங்குழியங்களைப் பெருக்குகிறது; அதற்குப் பல வாரம் வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும், உயிரே போகலாம்.

உச்சியை அறையும் கடுங்காற்று மே மாதத்தில் சில நாள் தணியும். அந்த இடைவெளிக்குத்தான் காத்திருப்பு.

2016 மே 21இல் ஜயந்தி குரு உதும்பால உச்சியைத் தொட்டார், இலங்கையரில் முதலாமவர். உடன் சென்ற யொஹான் பீரிஸ், ஒட்சிசன் சிலிண்டர் கோளாறால் 8,400 மீற்றரில் திரும்பினார். அந்தத் திரும்பலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2018 மேயில் அவரும் உச்சியை அடைந்தார்.