போட்டோ கொடுத்தா சாமுராய் ரெடி... நம்ம முகம் எங்கே போகுது?

கையில் வாள், உடம்பில் கவசம். நம்ம போட்டோவையோ வீட்டு நாயின் போட்டோவையோ கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் ஜப்பான் சாமுராயாக மாற்றித் தருகிறது ஏஐ. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியின் ‘ஜிப்லி’ படங்கள் வைரலான பிறகு, இந்த ஆசை எல்லா ஊருக்கும் வந்தாச்சு.

கோவில்பட்டிக்கு இது புதுசா?

படமும் போட்டோவும் இந்த ஊருக்குப் பழசு. நாடகக் குழுவுக்குத் திரை வரைய வந்த கொண்டையராஜு, 1940-களில் இங்கேயே தங்கி ‘தேவி ஆர்ட் ஸ்டுடியோ’ தொடங்கினார். அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள், சிவகாசி காலண்டர்களில் அச்சாகி வீடு வீடாகப் போயின. அந்தக் கால ஸ்டுடியோக்களில் கறுப்பு வெள்ளை போட்டோவுக்குக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். நம்ம முகத்துக்கு வண்ணம் போட்டவர் யார் என்று நமக்குத் தெரியும்.

ஏஐ என்ன செய்கிறது?

போட்டோ மேல் வேஷம் ஒட்டுவதில்லை. முக அமைப்பை எடுத்துக்கொண்டு, தான் பழகிய ஏராளமான படங்களின் சாயலில் புதுப் படமே உருவாக்குகிறது. அதனால் மச்சம் காணாமல் போகலாம், நிறம் வெளுக்கலாம். ஒல்லி உடம்பும் நீள மூஞ்சியும் கொண்ட சிப்பிப்பாறை, புசுபுசு நாயாகிவிடலாம். அசல் போட்டோவோ நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடுகிறது.

என்ன செய்யலாம்?

• நண்பர் படமா? கேட்டுட்டுப் போடுங்க.

• குழந்தைகள் படத்தைத் தவிர்ப்பது நல்லது. 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாள பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

• சாட்ஜிபிடி செட்டிங்ஸில் ‘டேட்டா கன்ட்ரோல்ஸ்’ போய், பயிற்சிக்குப் பயன்படுத்தும் வசதியை ஆஃப் செய்யுங்கள்.

• பேர் தெரியாத ஆப், கேலரி முழுவதையும் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்காதீங்க. ஒரு படத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலே போதும்.