வலித்துச் சொல்லாது, கேட்டால் சொல்லும்

சென்ற இதழில் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரனைப் பற்றிப் படித்தோம். 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த அந்த 15 வயது மகனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் தானமாகக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வேரூன்றியதில் அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் என்றைக்கும் பெருமைப்படலாம்.

ஆனால், தானமாக ஒரு சிறுநீரகம் கிடைப்பது நோயின் கடைசிப் படியில்தான். அதற்கு முந்தைய படி டயாலிசிஸ்: வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். கூட வரும் ஆளுக்கும் அன்றைய கூலி போய்விடும். அதற்கும் முன்னால் பல ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் நோய் உள்ளே வளர்கிறது. மனிதர் வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார், எந்தக் குறையும் தெரியவில்லை. நோயைத் தடுக்கவும் தள்ளிப்போடவும் முடிகிற காலம் அதுதான். இந்த வாரம் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவோம்.

பாதி போனாலும் தெரியாது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, மிச்சத்தை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. வடிகட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும்போது, மிஞ்சியவை கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அதனால்தான் பாதித் திறன் போன பிறகும் உடம்பு வாய் திறப்பதில்லை. கால் வீங்கி, வாந்தி வந்து, சோறு பிடிக்காமல் போய், மருத்துவர் “உப்பு கூடியிருக்கிறது” என்று சொல்லும்போது பெரும்பகுதி போயிருக்கும். அழிந்த வடிகட்டி மறுபடி முளைப்பதில்லை.

“எனக்கு இடுப்பு வலி கூடக் கிடையாது, கிட்னி நன்றாகத்தான் இருக்கும்” என்று பலரும் நம்புகிறார்கள். கல் அடைத்தால் வலிக்கும்; கிருமித் தொற்று வந்தால் வலிக்கும். சுகரும் பிரஷரும் சிறுநீரகத்தை அரிக்கும்போது வலிப்பதில்லை. இந்த நோயைத் தேடிப் போய்த்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு கரண்டி, ஒரு மெழுகுவத்தி

தேடுவது கடினமும் இல்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். சிலருடையது முட்டை வெள்ளைக்கரு போல் திரண்டது. ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் கசிகிறது, பழுது சிறுநீரகத்தில் இருக்கிறது என்று 1827-ல் எழுதினார். இன்று நவீன ஆய்வுக்கூடங்கள் தேடுவதும் அதே புரதத்தைத்தான்.

இந்த எளிமையை நம் மண்ணில் திட்டமாக மாற்றிக் காட்டியவர் சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. பத்மபூஷண் பெற்றவர். டயாலிசிஸும் மாற்று அறுவை சிகிச்சையும் நாட்டின் அத்தனை நோயாளிகளுக்கும் எட்டாது, எனவே வருமுன் தடுப்பதே வழி என்று தொடர்ந்து வாதிட்டவர். வாதத்தோடு நிற்கவில்லை. கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம், சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேரை உள்ளடக்கிய திட்டத்தை 1990-களில் தொடங்கினார்.

உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியாளர்களாக வீடு வீடாகப் போனார்கள். பிரஷர் பார்த்தார்கள். சிறுநீரில் ஓர் அமிலத்தை விட்டார்கள். பால் போல் கலங்கினால் புரதம். பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கினார்கள். நீலம் மாறிப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போனால் சர்க்கரை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் செய்த அதே சோதனைகள். குறை தெரிந்தவர்களை மருத்துவர் பார்த்தார். விலை குறைந்த பழைய மாத்திரைகளையே கொடுத்தார்கள். அந்நாளைய கணக்கில் ஆளுக்கு ஆண்டுக்கு அரை டாலர்கூடச் செலவாகவில்லை. மாத்திரை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தது. பின்னாளில் ஒப்பிட்டபோது, திட்டம் புதிதாக எட்டிய கிராமங்களைவிட, முன்பே நடந்துவந்த கிராமங்களில் சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். உலகச் சிறுநீரக மருத்துவ இதழ்களில் இந்த முடிவுகள் வெளியாயின. ஏழை நாட்டுக்கு இது முடியாது என்ற சாக்கு அத்தோடு செல்லாமல் போனது.

வெயிலும் ஒரு காரணம்

சிறுநீரகம் கெட சுகரும் பிரஷரும்தான் முதல் இரண்டு காரணங்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், செய்யூர் என்று தெற்கே போகும் இந்தக் கரையில் மூன்றாவது ஒன்றையும் சேர்த்தே பேச வேண்டும்: வெயில்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் 2023-ல் தமிழ்நாடு முழுவதும் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். சுமார் 20 பேரில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சுகரோ பிரஷரோ வேறு தெரிந்த காரணமோ இல்லை. ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் வித்யா வேணுகோபாலின் குழு, தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 பேரை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. இலங்கையின் அனுராதபுரத்திலும் ஆந்திரத்தின் உத்தானத்திலும் மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் விவசாயிகளைப் பல்லாண்டுகளாக வதைக்கும் புதிர் நோயின் சாயல் இதில் தெரிகிறது. குடிநீர், பூச்சிமருந்து, கன உலோகங்கள் என்று காரணங்களைத் தேடும் ஆய்வுகள் தொடர்கின்றன. கடும் உழைப்பில் திரும்பத் திரும்ப உடல் வற்றுவது சிறுநீரகத்தைக் காயப்படுத்துகிறது என்பதற்குச் சான்றுகள் வலுத்துவருகின்றன.

இங்கே யார் யார் வெயிலில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நடவு நடும், களை எடுக்கும் பெண்கள். ஊரக வேலைத் திட்டத்தில் மண் வெட்டுகிறவர்கள். மாமல்லபுரத்தில் தகரக் கொட்டகையில் உளியும் கட்டரும் பிடிக்கும் சிற்பிகள். இவர்கள் சுவாசிக்கும் கல் தூசியில் உள்ள சிலிக்கா, நுரையீரலோடு சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. மணலில் கருவாடு காயவைக்கும் மீனவப் பெண்கள். கட்டுமான இடங்களில் சித்தாள் வேலை பார்ப்பவர்கள்.

இந்தப் பெண்களில் பலர் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. காரணம், ஒதுங்க இடம் கிடையாது. தாகத்தையும் அடக்கி, சிறுநீரையும் அடக்கினால் நீர்க்கடுப்பு வரும். தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைத் தொடும். “நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது அறிவுரையே ஆகாது. வேலை இடத்தில் குடிநீர், நிழல், கழிப்பறை மூன்றையும் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் ஆகியவற்றை ஒழுங்காகக் கொடுத்தபோது தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் பலன் வயலுக்கும் உப்புப் பாத்திக்கும் சிற்பக் கொட்டகைக்கும் வந்து சேர வேண்டும்.

விரியன் கடித்தால்

வயல் வேலையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தம் உறையும் தன்மையைக் குலைத்து, சில நாட்களிலேயே சிறுநீரகத்தை முடக்கக்கூடியது. அந்த நஞ்சுக்கு மருந்து செய்ய நஞ்சு எடுத்துக் கொடுப்பதும் இதே கடற்கரைதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறது. இம்மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

கடிபட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் தீங்கையே கூட்டும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரத்தோடு விஷமுறிவு மருந்து ஏற்றினால் சிறுநீரகத்தையும் காப்பாற்ற வாய்ப்புண்டு. பிழைத்து வந்தவர்கள் அத்தோடு மறந்துவிடாமல் ஆண்டுதோறும் சிறுநீரகத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மெடிக்கலில் வாங்கும் மாத்திரை

நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு, மாலையில் மெடிக்கலில் “உடம்பு வலிக்கு நாலு மாத்திரை குடுங்க” என்று வாங்கிப் போடும் பழக்கம் ஊர் ஊராக இருக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வெயிலில் உடல் வற்றிய ஒருவர் அவற்றைப் போடும்போது அடி இரட்டிப்பாகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றைத் தொடர்ந்து எடுக்கவே கூடாது. பாதரசம் கலந்த பற்பம், செந்தூரம், பெயர் தெரியாத சூரணங்களிலும் கவனம் தேவை. நாட்டு மருந்துகளில் இருந்த பாதரசத்துக்கும் ஒருவகைச் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முகம் சிவப்பாகும் என்று சொல்லி விற்கும் களிம்புகளிலும் இதே பாதரசம் ஒளிந்திருக்கலாம்.

சாப்பாட்டில் முதலில் குறைய வேண்டியது உப்பு. நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கடலோர வீடுகளில் கருவாடு தவிர்க்க முடியாதது. நன்றாக ஊறவைத்துக் கழுவி, அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடாமல் இருக்கலாம். பீடி, சிகரெட், புகையிலை, மூன்றையும் விட வேண்டும். தண்ணீர், சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடித்தால் போதும். ஏற்கெனவே இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதைக் கேட்டு வாங்குவது?

மூன்றே பரிசோதனைகள். ஒன்று, ரத்த அழுத்தம். இரண்டு, சிறுநீரில் புரதம். மூன்று, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு.

மூன்றாவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிரியாட்டினின் 1.2 என்று வந்தால் “நார்மல்தான்” என்று சொல்லிவிடுவார்கள். 25 வயது இளைஞருக்கு அது 85-ஐ ஒட்டிய வடிகட்டும் திறனைக் குறிக்கும், கவலையில்லை. 60 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2, வெறும் 50 சொச்சம். திறன் 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே அது நாள்பட்ட சிறுநீரக நோய். எனவே “ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு?” என்று கேளுங்கள். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எண் அது. அறிக்கையில் அச்சிட்டிருக்காவிட்டாலும் மருத்துவர் நொடியில் கணக்கிட்டுச் சொல்வார்.

சுகர், பிரஷர் உள்ளவர்கள், 40 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறிய பெண்கள், அடிக்கடி கல் வருகிறவர்கள், வெயிலில் உழைப்பவர்கள் எல்லோரும் ஆண்டுக்கு ஒரு முறை இவற்றைச் செய்துகொள்ள வேண்டும். டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றைக்கே முதல் பரிசோதனை. பல ஆண்டுகள் தெரியாமலே இருந்திருக்கும் என்பதால் காத்திருக்கக் கூடாது. புரதக் கசிவைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தைப் பல ஆண்டுகள் காக்கும் மாத்திரைகள் இன்று இருக்கின்றன.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டமும் 2023-ல் தொடங்கியது. மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம், “என் யூரினை எப்போது டெஸ்ட் செய்வீர்கள்?” என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் கடைசியாக எப்போது சிறுநீர்ப் பரிசோதனை செய்தார் என்று இன்றைக்கே விசாரியுங்கள். நினைவில்லை என்றால், நாளைக் காலை முதல் வேலையாக அவரை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

(தொடரும்)