நெருப்பு இல்லாமல் வேகிறது! உள்ளிருந்தே சூடாக்கும் ரேடியோ அலை

காஞ்சிபுரம் கோவில் இட்லியைத் தெரியாதவர் யார்? மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, ஆவியில் வைப்பார்கள். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும். ஆனால் சீக்கிரம் வேகாது. மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஏன்?

ஆவி, குடலையின் வெளிப்புறத்தில்தான் படுகிறது. சூடு அங்கிருந்து மெள்ள மெள்ள நடுவுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் ஓரம் இட்லியாக இருக்கும். நடுவில் மாவு இருக்கும். சமையல்காரரின் மானம் போய்விடும்!

அடுப்பு, ஆவி, வெந்நீர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சூடு வெளியே இருந்து உள்ளே போகிறது. ரேடியோ அலை அப்படி அல்ல. அது பண்டத்துக்குள்ளேயே சூட்டை உண்டாக்குகிறது.

இரண்டு தகடுகள்

இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் உணவுப் பண்டம். தகடுகளில் மின்சாரம் திசை மாறி மாறிப் பாய்கிறது. எத்தனை வேகம் தெரியுமா? ஒரு விநாடிக்கு 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் தடவை!

பண்டத்தில் இருக்கும் தண்ணீரின் நுண்துகள்களும் உப்பின் துகள்களும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஆட முயல்கின்றன. ஒன்றோடு ஒன்று உரசுகின்றன. உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு பிறக்கிறதே, அதுபோல.

ஆஸ்பத்திரியில் மூட்டு வலிக்கு "கரண்ட் வைத்துக்கொண்டவர்கள்" பலருக்கு இந்த அலை பழக்கமானதுதான். "ஷார்ட்வேவ்" சிகிச்சைக் கருவியிலும் பெரும்பாலும் இதே அலைதான்.

மேல்நாடுகளில் பிஸ்கட் தொழிற்சாலைகள் இதை வெகுகாலமாகப் பயன்படுத்துகின்றன. அடுப்பிலிருந்து வரும் பிஸ்கட்டின் ஓரம் காய்ந்திருக்கும். நடுவில் ஈரம் இருக்கும். அப்படியே விட்டால் பின்னால் விரிசல் விடும். ரேடியோ அலை, ஈரம் உள்ள இடத்தையே தேடிப் பிடித்து அதிகமாகச் சூடாக்கும். உறைந்த மீன், இறைச்சிப் பாளங்களை இளக்கவும் இது உதவுகிறது.

வண்டுக்கு எமன்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய சிவன் கோவில் உள்ள ஊர். மாகறல் ஆனாலும் மாநகர் ஆனாலும், அரிசி மூட்டை வாங்கி வைக்கும் வீட்டில் வண்டுத் தொல்லை உண்டு. பாட்டிமார் வேப்பிலை போடுவார்கள், வெயிலில் உலர்த்துவார்கள்.

பெரிய கிடங்குகளில் அது போதாது. அங்கே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற விஷ வாயுவாகக் கிளம்பும். வண்டையும் கொல்லும், மனிதனையும் கொல்லும். வீட்டில் அரிசிக்கு நடுவே இதை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காதது உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த மாத்திரை நுழையவே கூடாது.

விஷம் இல்லாமல் பூச்சியைக் கொல்ல முடியாதா? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2000-ஆம் ஆண்டை ஒட்டி வால்நட் கொட்டையில் சோதித்தார்கள். ஓட்டுக்குள் காற்று இருப்பதால் வெளிச்சூடு எளிதில் உள்ளே புகாது. ரேடியோ அலை புகுந்தது! 55 டிகிரி சூட்டில் சில நிமிஷங்களில் உள்ளிருந்த புழு செத்தது. பருப்பு கெடவில்லை. காய்ந்த கொட்டையைவிடப் புழுவின் உடலில் ஈரம் அதிகம். அதனால் புழுவே முதலில் சூடாகிறது.

அரிசி, பயறுகளிலும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன.

அப்படியானால் ஊருக்கு ஊர் இந்த இயந்திரம் ஏன் வரவில்லை? விலை அதிகம். மின்சாரம் வேண்டும். மூட்டையின் ஓரங்களும் மூலைகளும் சில சமயம் கூடுதலாகச் சூடாகிவிடும். அதனால் தானியத்தைக் கிளறிவிட வேண்டும், அல்லது கூடவே சூடான காற்றையும் செலுத்த வேண்டும். ஓர் ஆணியோ கம்பித் துண்டோ உள்ளே போனால் தீப்பொறி பறக்கும். மாத்திரையோ சில ரூபாய்தான். கிடங்குக்காரர் எதை வாங்குவார்?