கேபினட்டுக்கு ஒரு ஃபைபர் மூக்கு

மே மாத மதியம். கேம் ஆட உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சிபியூ ஃபேன் அலற ஆரம்பிக்கிறது. படம் நின்று நின்று நகர்கிறது. உடனே வைரஸ் என்று முடிவு கட்டி விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். சூடு எல்லை மீறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிடும்.

பிராசஸர் மேல் உள்ள ஃபேன் வெளிக்காற்றை இழுப்பதில்லை. கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே சூடாக்கிய கேபினட் காற்றையே இழுக்கிறது. பென்டியம் 4 காலத்தில் இன்டெல் ஒரு விதி வைத்தது: அறை வெப்பம் 35 டிகிரி இருந்தாலும், பிராசஸர் ஃபேனுக்குள் போகும் காற்று 38 டிகிரியைத் தாண்டக்கூடாது. அதற்காகத்தான் அக்கால கேபினட்டுகளின் பக்கத் தகட்டில் ஓட்டையும் பிளாஸ்டிக் குழாயும் வந்தன. இந்தக் குழாய்க்குப் பெயர் டக்ட். இதை நாமே ஃபைபர் கிளாஸில் செய்யலாம். காசிமேட்டுக் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளும் இதே பொருள்தான்.

முதலில் ஒரு சோதனை. ஹெச்டபிள்யூமானிட்டர் என்ற இலவச சாஃப்ட்வேரில் பிராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, அதே வேலையைக் கொடுத்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஐந்தாறு டிகிரி குறைந்தால் டக்ட் பலன் தரும். ஒன்றிரண்டுதான் என்றால் ஹீட்சிங்க் தூசியைத் துடைப்பதே போதும். அறையே 40 டிகிரியில் கொதித்தால் எந்த டக்ட்டும் அதற்குக் கீழே குளிர்விக்காது. இன்னொன்று, பக்கத்தில் டஃபன்டு கண்ணாடி உள்ள கேபினட்டில் ஓட்டை போட முயலாதீர்கள். நொறுங்கிவிடும்.

ஓட்டையும் ஃபேனும் நேருக்கு நேர் இருந்தால் ஃபைபரே வேண்டாம், பிவிசி குழாய்த் துண்டு போதும். வளைந்து போக வேண்டும் அல்லது வட்டம் சதுரமாக விரிய வேண்டும் என்றால்தான் ஃபைபர்.

அட்டையில் வடிவம் செய்து, ஃபேனுக்கும் டக்ட் வாய்க்கும் 12 முதல் 15 மி.மீ. இடைவெளி வருகிறதா என்று பொருத்திப் பாருங்கள். அதன்மேல் பிரவுன் டேப்பை இடைவெளியின்றி ஒட்டினால் ரெசின் பிடிக்காது, அதுவே அச்சு. தெர்மோகோலில் அச்சு செய்தால் பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும். 300 கிராம் மேட்டை இரண்டு அடுக்காக வைத்து, பிரஷ்ஷால் ரெசினைக் குத்திக் குத்தி காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும்.

கடையில் கோபால்ட் கலந்த ரெசினாகவே கேட்டு வாங்குங்கள். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 மி.லி. கேட்டலிஸ்ட். நம் ஊர் வெயிலுக்கு 1 போதும். மொட்டை மாடியில் நிழலில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. ஒரு நாள் கழித்துத் தண்ணீர் போட்டுத் தேய்த்தால் கண்ணாடித் தூள் பறக்காது. ரெசின் வாடை முழுவதும் போன பிறகே டக்ட் கேபினட்டுக்குள் போக வேண்டும்.

ஓட்டை போடும்போது தகட்டைத் தனியே கழற்றிச் செய்யுங்கள். இரும்புத் துகள் மதர்போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும். வாரன்டி உள்ள புது கம்ப்யூட்டர் என்றால் அது முடியும் வரை பொறுப்பது நல்லது.

வடசென்னைக்கு மிக முக்கியம் வடிகட்டி. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நின்று, எண்ணூருக்குப் போனது. ராயபுரம் ஜன்னல்களுக்கு நிம்மதி, எண்ணூர் ஜன்னல்களுக்கு இல்லை. வலை இல்லாத டக்ட் அந்தக் கரித்தூளை நேராக ஹீட்சிங்கில் கொண்டுபோய் அடைக்கும். ஓட்டையின் வெளிப்புறம் மெல்லிய நைலான் வலை கட்டி, வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கடலின் உப்பு ஈரத்தை வலை தடுக்காது. அதனால் டக்ட் வாய் கடல் பக்க ஜன்னலைப் பார்க்காதபடி கம்ப்யூட்டர் மேஜையைத் திருப்பிப் போடுங்கள்.